வீட்டு முயலின் வயிறு



முயல் வளர்ப்பைக் குறித்துப் பேச வேண்டுமென்று இம்மன்றத்தார் என்னை அழைத்தபோது, அப்பிராணியின் அழகையும் சாதுவான சுபாவத்தையும் வருணித்து நேரத்தை இனிதே கழிப்பேன் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் இன்று மாலை நான் பெரும்பாலும் பேசப் போவது அதன் வயிற்றைப் பற்றியும், அதனினும் அதிகமாக அதன் புழுக்கையைப் பற்றியுமே என்பதை முதலிலேயே தெரிவித்து, சற்றுமுன் சிற்றுண்டி அருந்திவிட்டு வந்திருப்பவர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். நாய்க்கு வலித்தால் முனகும். பூனைக்கு வலித்தால் சீறும். முயலோ, கழுகுக்கும் நரிக்கும் தப்பிப் பிழைத்த வம்சத்தில் வந்தது. நலிவைக் காட்டிக்கொண்ட முயலே முதலில் பிடிபட்டதாகையால், நோவை மறைப்பது அதன் ரத்தத்தில் ஊறிய வழக்கம். ஆகவே அதன் தேகநிலையை அறிய விரும்பும் வளர்ப்பவருக்கு அதன் முகம் ஒன்றும் சொல்லாது. விடிந்ததும் கூண்டின் தரையில் கிடக்கும் புழுக்கைதான் சொல்லும்.

முயல் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது கரிசல் காட்டிலும் மானாவாரிக் கொல்லையிலும் ஓடித் திரியும் காட்டு முயல். அதைப் பிடித்து வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் அது கூண்டுக்கு இசைகிற பிராணியன்று. காட்டு முயலின் குட்டி, ரோமத்தோடும் திறந்த கண்களோடும் தரையில் பிறந்து, பிறந்த சிறிது நேரத்திலேயே ஓட வல்லது. நாம் கடையில் வாங்கி வரும் முயலின் குட்டியோ வளைக்குள் பிறப்பது. பிறக்கும்போது ரோமம் கிடையாது. கண் திறக்கப் பத்து நாள் ஆகும். இந்த வளை முயலின் மூதாதையர் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் வாழ்ந்தவர்கள். கோடையில் காய்ந்து கருகும் புல்லையும் புதர்த் தழையையும் தின்று, சாரமற்ற உணவிலிருந்து சாரத்தைப் பிழிந்தெடுக்கும் வித்தையைக் கற்றவர்கள். நம் மாநிலத்தில் பண்ணைகளில் காணப்படும் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முதலிய இனங்களெல்லாம் அந்த ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் இவ்விரு இனங்களையும் வளர்க்கிறார்கள். வெயிலுக்கு அஞ்சும் இப்பிராணிக்கு மன்னவனூரின் குளிர் பொருந்துவதில் வியப்பில்லை. அங்கிருந்து இறங்கி மதுரையின் சித்திரை வெயிலுக்குள் வரும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

வயிற்றுக்குப் போகும் வழியில் வாயைப் பார்த்துவிடுவோம். முயலுக்கு இருபத்தெட்டுப் பற்கள். மேல் தாடையில் நமக்குத் தெரியும் பெரிய முன்பற்கள் இரண்டின் பின்னால், ஆப்பு அடித்தாற்போன்ற சிறு பற்கள் இரண்டு மறைந்திருக்கின்றன. எலியோடும் அணிலோடும் நெடுங்காலம் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்ட முயலை, 1912-இல் கிட்லி என்னும் அமெரிக்கப் பிராணி சாஸ்திரி தனி வரிசையாகப் பிரித்தபோது, இந்தப் பின்பற்களும் ஒரு காரணமாயின. நாம் கவனிக்க வேண்டிய விசேஷம், இருபத்தெட்டுப் பற்களும் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதாகும். முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் வளர்கின்றன. அவற்றைத் தேய்த்துச் சமமாக்கும் அரம் புல்லைத் தவிர வேறில்லை. கடைவாய்ப் பற்கள் பக்கவாட்டில் அசைந்து புல்லை அரைக்கும்போதே தேய்கின்றன. சோறும் ரொட்டியும் ஒரே கடியில் கரைந்து போய்விடுவதால் பற்கள் தேய வழியில்லாமல், ஓரங்கள் கூர்மையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கின்றன. முயல் பசியோடு உணவுத் தட்டருகே வந்து, முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறதென்றால், அது தீவனத்தின் ருசியைப் பழிக்கவில்லை. வாயில் புண் இருக்கிறது.

இனி வயிறு. முயலின் இரைப்பை மெல்லிய சுவருடையது. அதன் மேல்வாய் மிக இறுக்கமானது. ஆகையால் முயலால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே போனது எதுவாயினும் அது முன்னோக்கித்தான் போயாக வேண்டும். ஆரோக்கியமான முயலின் இரைப்பை ஒருபோதும் காலியாக இராது. சிறுகுடலைக் கடந்தபின் வருகிறது குருட்டுக்குடல். மனிதனுக்குப் பெயரளவுக்கு எஞ்சியிருக்கும் இவ்வுறுப்பு, முயலுக்கோ வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஜீரணப் பாதை முழுவதிலும் அடங்கக்கூடிய பொருளில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு இதில் அடங்கும். இதை, நம் வீடுகளில் உறை ஊற்றி வைக்கும் பானைக்கு ஒப்பிடலாம். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதில் வாசம் செய்து, முயல் தன் சொந்த ஜீரண நீரால் உடைக்க முடியாத தாவரப் பொருளைப் புளிக்கவைத்து, கொழுப்பு அமிலங்களாக மாற்றி, உஷ்ணமும் பலமும் உண்டாக்கித் தருகின்றன. பானையின் பதம் கெட்டால் தயிர் கெடும், அவ்வளவே. முயலின் பானை கெட்டால் முயலே போய்விடும். ஆகவே முயலுக்குத் தீனி போடுகிறோம் என்பது பாதி உண்மைதான். நாம் தீனி போடுவது அந்த நுண்ணுயிர்களுக்கு.

இங்கே ஓர் அதிசயம் நிகழ்கிறது. குருட்டுக்குடலுக்கு அப்பால் பெருங்குடலின் தொடக்கத்தில், உணவு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. நீண்ட நார்த்துண்டுகள் நடுவே ஓடி, விரைந்து வெளியேறி, நாம் அன்றாடம் பெருக்கித் தள்ளும் உலர்ந்த உருண்டைப் புழுக்கையாகின்றன. நுண்ணிய துகள்களும் நீரும் குடற்சுவர் ஓரமாக எதிர்த்திசையில் ஒதுக்கப்பட்டு, மீண்டும் குருட்டுக்குடலுக்கே திரும்புகின்றன. அங்கே நன்றாகப் புளித்தபின், பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும், மினுமினுப்பான சளிப்படலம் போர்த்த மெல்லிய உருண்டைகளாக, கொத்துக் கொத்தாக அவை வெளிவருகின்றன. முயல் குனிந்து, அவை தரையில் விழுமுன்பே வாயால் எடுத்து, மெல்லாமல் விழுங்கிவிடுகிறது. இதைக் கண்ட சிலர் அருவருத்து, அடுத்தமுறை தலையில் தட்டித் தடுக்கிறார்கள். தடுக்கலாகாது! அதில்தான் புரதமும், பி வகை வைட்டமின்களும், கே வைட்டமினும் இருக்கின்றன. சளிப்படலம் காப்பதனால் அந்த உருண்டைகள் இரைப்பையின் கடும் அமிலத்திலும் சில மணி நேரம் கரையாமலிருந்து, உள்ளே நொதித்தலைத் தொடர்கின்றன. மாடு வாயில் அசைபோட்டுச் செய்வதை முயல் இந்த வழியாகச் செய்கிறது. பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் முயலை அசைபோடும் மிருகங்களோடு சேர்த்துச் சொல்லியிருப்பதைப் பிற்காலப் பிராணி சாஸ்திரிகள் பிழையென்று நகைத்தார்கள்; 1882-இல் மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இந்த இரண்டாம் உண்ணலை விவரித்து எழுதியபின், அந்தப் பழைய பாலைவனத்து மக்களின் கண் அத்தனை மழுங்கியதல்ல என்று தோன்றுகிறது.

உலர்ந்த புழுக்கை, மெல்லிய உருண்டை ஆகிய இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவருக்கு முயல் வளர்ப்பில் பாதிக் கவலை தீர்ந்தது. நல்ல புழுக்கை பெரியது, உருண்டையானது, வெளிறிய பழுப்பு நிறமானது. விரலிடையே நசுக்கினால் வாடையில்லாமல் புல்தூளாக உதிரும். நாளொன்றுக்கு 200, 300 என்று வரும். அது சிறுத்து, கறுத்து, துளிபோல் ஒருபுறம் கூம்பினால், நாரோ ஜலமோ போதவில்லை, அல்லது எங்கோ வலி இருக்கிறது. ரோமத்தில் கோத்தாற்போல் வரிசையாக வந்தால், முடி உதிர்க்கும் பருவம், சீவிவிட வேண்டும். பிட்டத்திலும் தரையிலும் களிம்பு போல நாற்றத்தோடு அப்பிக் கிடந்தால், பலர் அதைப் பேதியென்று எண்ணி, பேதியை நிறுத்தும் மருந்தைத் தேடுகிறார்கள். அது பெரும்பாலும் பேதியன்று, முயல் உண்ணாமல் விட்ட அந்த இரவு உருண்டைகளே. அடர்தீவனம் மிஞ்சியதாலோ, உடல் பெருத்துக் குனிய முடியாததாலோ, முதுகெலும்பின் வலியாலோ அவற்றை அது விட்டுவிட்டது. மருந்து கொடுத்தால் தீராது. அடர்தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டினால் பெரும்பாலும் தீரும்.

ஜீரணிக்க முடியாத நார்தான் முயலின் ஜீரணத்தை நடத்துகிறது என்பது கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றினாலும், சாஸ்திர சம்மதமான உண்மை. நீண்ட நார் குடலைத் தட்டி ஓடவைக்கிறது; நார் குறைந்தால் குடல் சோம்புகிறது. ஆகையால் முயலின் ஆகாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு உலர்புல்லும் பச்சைப்புல்லுமே இருத்தல் வேண்டும். முயலின் உருவத்தளவு குவியலாக, இரவும் பகலும் அதன் முன் கிடக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலப் புல்லை விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கொழுக்கட்டைப் புல், கினியாப் புல், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், நம் வாசலிலேயே முளைக்கும் அருகம்புல், எல்லாம் ஏற்றவையே. அறுத்து, நிழலில் காயவைத்து, காற்றோட்டமான இடத்தில் கட்டி வையுங்கள். பூசணம் பிடித்ததையும், பூச்சிமருந்து தெளித்த வரப்பில் அறுத்ததையும் தொடாதீர்கள். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும்; சத்துக் குறைவானதாகையால் அதை மட்டும் நம்பி முயலை வளர்க்க முடியாது. குதிரைமசால், வேலிமசால், அகத்தி ஆகியவை சுண்ணாம்புச் சத்தும் புரதமும் மிகுந்தவை. வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நல்லவை, ஆறு மாதம் கடந்த வீட்டு முயலுக்கோ ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். சவுண்டல் தழையை ஆட்டுக்குப் போடுவதுபோல் முயலுக்குக் குவித்தால், அதிலுள்ள மைமோசின் என்னும் விஷப்பொருளால் ரோமம் உதிர்ந்துபோகும்.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மற்றப் பிராணிகள் தமக்கு வேண்டிய அளவை மட்டும் குடலில் உறிஞ்சிக்கொள்ள, முயலோ கிடைத்ததையெல்லாம் உறிஞ்சி, மிஞ்சியதைச் சிறுநீரில் கழிக்கிறது. அதனால்தான் முயலின் சிறுநீர் கலங்கிச் சுண்ணாம்பு நீராகத் தெரிகிறது. சிறிது வெண்மை குற்றமன்று. சேறுபோல் கெட்டியானால், அல்லது முக்கி முக்கிப் போனால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிற்சில நாள் அது செம்மையாக இருப்பதைக் கண்டு, ரத்தம் என்று அலறிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பல சமயம் அது தாவரச் சாயமே. ஆயினும் கண்ணால் தீர்மானிக்காமல் பரிசோதிப்பது உத்தமம்.

கீரை வகைகளில் கொத்தமல்லித் தழை, புதினா, முள்ளங்கி இலை, கேரட்டின் மேல்தழை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம்; ஆக்ஸாலிக் அமிலம் மிகுந்த பாலக், தண்டுக்கீரை முதலியவற்றைத் தினந்தோறும் கொடுக்கலாகாது. கேரட் கிழங்கைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஓர் ஏமாற்றச் செய்தி. 1940 முதல் திரையில் கேரட்டைக் கடித்துக்கொண்டு வசனம் பேசிவரும் பக்ஸ் பன்னி என்னும் கேலிச்சித்திர முயலை நம்பி, கிழங்கையே முயலின் ஆகாரமென்று உலகம் கொண்டுவிட்டது. அது சர்க்கரை மிகுந்த பண்டம், வாழைப்பழமும் அப்படியே. ஒரு தேக்கரண்டி, அதுவும் வாரத்தில் ஓரிரு நாள். பிஸ்கட்டு, பொரி, சோறு, இட்லி என்று நாம் வாஞ்சையோடு நீட்டுபவை யாவும் மாவுப் பொருள்கள். ஜீரணமாகாத மாவு குருட்டுக்குடலை எட்டும்போது, அங்கே அடங்கிக் கிடந்த கிளாஸ்டிரிடியம் என்னும் துஷ்டக் கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. குட்டி முயலானால் ஒரே இரவில் முடிந்துவிடும். தயிர் கொடுத்தால் வயிறு குளிரும் என்றும் சிலர் சொல்கிறார்கள். வளர்ந்த முயலின் குடலில் தயிர்க் கிருமிகளுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. பாலின் சர்க்கரையும் அதற்கு ஆகாது. குச்சித் தீவனம் கொடுப்பதாயின், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மிகாமல் கொடுங்கள். பருப்பும் விதையும் கலந்த வண்ணத் தீவனங்களை வாங்காதீர்கள், முயல் அதில் இனிப்பைப் பொறுக்கிவிட்டு நாரை ஒதுக்கும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கின் தளிர், அரளி ஆகியவற்றை அதன் கண்ணிலும் காட்ட வேண்டாம். எந்தப் புது உணவையும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும். ஜலம் கிலோவுக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை குடிக்கும். குழாய்ப் புட்டியைவிடக் கனமான மண் தட்டில் அது தாராளமாகக் குடிக்கிறது.

சந்தையில் உள்ளங்கையளவு குட்டிகளைக் கூடையில் குவித்து விற்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கோ சிறியதாயிருப்பதே கவர்ச்சி. பால்குட்டியின் இரைப்பையில் அமிலம் குறைவு. தாய்ப்பாலே அதைக் கிருமிகளினின்று காக்கிறது. பால் மறந்து புல்லுக்கு மாறும் அந்தச் சில வாரங்களே முயலின் வாழ்வில் மிக அபாயமான காலம். மூன்று வாரக் குட்டியை வாங்குவது பெரும்பாலும் அதன் மரணத்தை விலைக்கு வாங்குவதேயாகும். எட்டு வாரமாவது ஆகட்டும். வீட்டிலேயே ஈன்றிருந்தால், தாய் குட்டிகளிடம் நாளில் ஒருமுறையே போய், ஐந்து நிமிஷத்துக்குள் பால் கொடுத்துவிட்டு விலகிவிடும். அது கல்நெஞ்சமன்று, வளையின் வாசலில் நின்று நரிக்கு வழி காட்டாதிருக்கும் விவேகம். அதைக் கண்டு பதறி, பசும்பாலைப் புகட்டப் புறப்படாதீர்கள்.

சுத்தத்துக்கு வருகிறேன். சுத்தமென்றால் குளிப்பாட்டுதல் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. முயலைக் குளிப்பாட்டவே கூடாது. அதன் அடர்ந்த உள்ரோமம் எளிதில் உலராது; நனைந்த முயல் குளிரில் விறைக்கும்; அதிர்ச்சியிலேயே உயிர் போனதும் உண்டு. அது தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். சுத்தம் செய்ய வேண்டியது அதன் இருப்பிடத்தை. முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அம்மூலையில் ஒரு தட்டை வைத்து, அடியில் காகிதமும் மேலே வைக்கோலும் பரப்பிவிட்டால், சில நாளில் அதுவே பழகிக்கொள்ளும். அதை நாள்தோறும் மாற்றாவிட்டால் அம்மோனியா வாடை ஏறி, மூக்கையும் நுரையீரலையும் அரித்து, தும்மலும் சளியும் பற்றிக்கொள்ளும். நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல் பாதத்தில் மெத்தைச் சதை முயலுக்குக் கிடையாது. ரோமமே அதன் பாதரட்சை. வெறும் கம்பி வலைத்தரையில் நிறுத்தினால் குதிகாலில் புண் விழும். பாதி இடத்திலாவது பலகையோ கோணியோ போடுங்கள்.

நாள்தோறும் மாற்ற வேண்டுமென்பதற்கு வாடையினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1674-ஆம் ஆண்டு, ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் நகரத்து ஜவுளி வியாபாரியான லேவன்ஹுக், தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வழியாக ஒரு கிழ முயலின் பித்தநீரைப் பார்த்தபோது, முட்டை வடிவமான உருக்கள் மிதப்பதைக் கண்டு எழுதிவைத்தார். இன்று நாம் ரத்தக்கழிச்சல் என்று சொல்லும் காக்சிடியா நோயின் கிருமிகளில் ஒருவகை அது. இதன் முட்டைகள் புழுக்கையோடு வெளியே வந்தவுடன் நோயைத் தருவதில்லை. ஈரத்திலும் வெப்பத்திலும் இரண்டு மூன்று நாள் கிடந்து முதிர்ந்த பின்னரே தருகின்றன. அந்த முதிர்ச்சிக்குமுன் பெருக்கி அகற்றிவிட்டால் சங்கிலி அறுந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பண்ணைகளில் குட்டிகள் வயிறு ஊதி, மெலிந்து, வரிசையாக மடிவதன் பின்னால் பெரும்பாலும் இக்கிருமியே இருக்கிறது. மருந்து இருந்தாலும் துடைப்பமே முதல் மருந்து.

அதே மழைக்காலத்தில் ஈயும் பெருகும். பிட்டத்தில் அழுக்கு ஒட்டிய முயலின்மேல் ஈ முட்டையிட்டால், ஒரு நாளுக்குள் புழு வெளிப்பட்டு, உயிரோடிருக்கும் சதையையே தின்னத் தொடங்கும். இரண்டு வேளையும் முயலைத் தூக்கி, பின்புறத்தைப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். காதிலும் மூக்கிலும் வெண்மையாகப் பொருக்குத் தட்டினால் அது சொறி உண்ணி. மனிதர் தோலுக்கும் தொற்றக்கூடியது. வேப்பெண்ணெய் பூசிக் காலம் கடத்தாமல், எடை பார்த்து மருத்துவர் போடும் ஊசியே தக்கது. நாய்க்கு முதுகில் விடும் ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து முயலுக்கு எமன் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றி முன்பு சொன்னேன். முயலுக்கு உகந்த வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை. 30-ஐத் தாண்டினால் தவிக்கும். வியர்த்து ஆற்றிக்கொள்ள அதற்கு வழியில்லை. காது மடல்களின் ரத்தக்குழாய்கள் வழியாகவே உஷ்ணத்தை வெளியேற்றுகிறது. மாடித் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். நண்பகலில் ஈரத்துணியால் காதைத் துடைத்து, புட்டியில் உறைந்த ஐஸைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

கடைசியாக, முயல் தின்னாத நாள். வயது வந்த முயல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல், முதுகைக் கூனி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தால், நாளை பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை. குடல் நின்றுவிட்டது, நின்ற குடலில் காற்று சேர்கிறது, பட்டினியால் ஈரலில் கொழுப்பு இறங்குகிறது. இரைப்பையில் முடியுருண்டை அடைத்ததே காரணமென்று முன்னெல்லாம் நம்பினார்கள். அநேக சமயங்களில் குடல் ஓட்டம் நின்றதனாலேயே முடி அங்கே தேங்குகிறது. அலமாரியில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் மாத்திரைகளைப் பொடித்துப் புகட்டினால், அவை நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று கிளாஸ்டிரிடியத்துக்கு ராஜ்யத்தைக் கொடுத்துவிடும். வயிறு பறைபோல் விம்மியிருந்தால் வலுக்கட்டாயமாக எதையும் ஊட்டாதீர்கள். கூடையில் அதற்குப் பழகிய புல்லைப் பரப்பி, மேலே துணி போர்த்தி, ஜோடி முயல் இருந்தால் அதையும் உடன் வைத்து, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது கடைசியாகப் போட்ட புழுக்கையில் நாலைந்தை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார், முதலில் கேட்கப் போவதே அதைத்தான்.